"லேசா தடவுங்க": கரப்பான் வந்த ஒரு குழந்தையும் இரண்டு ட்யூப்களும்

ஜனவரியில் ஒரு காலை. கம்பத்தில் என் கிளினிக்குக்கு ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றை அதன் அப்பத்தா தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அம்மா. வெளியே காத்திருந்த பெண்களில் இரண்டு பேர் குழந்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்களாம். அப்படி ஒரு கன்னம். உருண்டு, பளபளத்து, முன்னாலிருந்து பார்த்தால் காது தெரியாத அளவுக்கு. "பிள்ளை எப்படித் தேறியிருக்கா பாருங்க டாக்டரம்மா" என்றார் அப்பத்தா. குரலில் பெருமை. எனக்கோ அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு மாதம் முன்பு இதே குழந்தையை நான் பார்த்திருந்தேன். அப்போது முகம் இப்படி இல்லை.

ஆள் அடையாளம் எதுவும் சொல்லப்போவதில்லை. பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

நவம்பர்

அம்மாவுக்கு 23 வயது. கூடலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பாப்பாவுக்கு நாலு மாதம் முடிந்ததும் ஏலத்தோட்ட வேலைக்குத் திரும்பிவிட்டார். விடிவதற்கு முன் ஜீப் ஏறி, குமுளி வழியாக மேலே போனால் பொழுது சாயும்போதுதான் வீடு. இந்தப் பள்ளத்தாக்கில் நிறையப் பேருக்கு அதுதான் பிழைப்பு: தூங்குவது தமிழ்நாட்டில், கூலி கேரளத்தில். பகலில் பாப்பா அப்பத்தாவிடம், புட்டிப்பாலோடு. காலையும் இரவும் தாய்ப்பால்.

மூன்றாம் மாதத்தில் கன்னத்தில் சொரசொரப்பாகத் தொடங்கியிருக்கிறது. பிறகு நெற்றி, முன்கையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே. தோளில் போட்டால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். இரவில் அரைமணிக்கு ஒருதரம் சிணுங்கல். அம்மாவுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்திருக்கிறது, அப்பாவுக்கு விடிந்தால் அடுக்குத் தும்மல். டயப்பர் கட்டுகிற இடத்தில் மட்டும் தோல் மழமழவென்று சுத்தமாக இருந்தது. கைக்குழந்தைக் கரப்பானில் அது பெரிய துப்பு. கன்னத்தையும் கைகால் வெளிப்புறத்தையும் பிடிக்கிற நோய், ஈரமாக மூடிக் கிடக்கிற அந்த இடத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒன்றிரண்டு வயதானால் இடம் மாறி முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து என்று உட்காரும்.

சிரங்கு இல்லை என்று உறுதி செய்துகொள்ள உள்ளங்கால், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் பார்த்தேன். வீட்டில் வேறு யாருக்கும் ராத்திரி அரிப்பு இல்லை என்றார்கள். பாடப்புத்தகப் படங்களில் கரப்பான் ரோஜா நிறத்தில் இருக்கும். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. கறுத்து, சாம்பல் பூத்து, மயிர்க்கால் மயிர்க்காலாகப் புடைத்து நிற்கும். கண்ணைவிடக் கைதான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.

அடோபிக் டெர்மடைடிஸ் என்று எழுதினேன். வாயால் சொன்னது கரப்பான். எங்கள் ஊரில் அது ஒரு வசதி: மலைக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் 'கரப்பன்' என்றுதான் சொல்வார்கள். ஒரே சொல், ஒரே பயம். 'உடம்பில் உள்ள கெட்டது வெளியே வருது, மருந்து போட்டு அடக்கினா உள்ளே போய் இழுப்பாகும்' என்கிற நம்பிக்கையும் இரண்டு பக்கமும் பொது.

அம்மாவுக்குப் புரிவது போல ஒன்று சொன்னேன். "நீ பறிக்கிற காயில தோல் வெடிச்சது இருக்குமே, அதுல மணம் நிக்குமா?" நிற்காது என்றார். பாப்பாவின் தோலும் அப்படித்தான். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகிறது. வெளியே இருக்கிற தூசி, சோப்பு, கிருமி உள்ளே போகிறது. தோலை இறுக்கிப் பிடிக்கிற ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு இதை முழுக்க முழுக்க ஒவ்வாமையாகவே பார்த்த பழக்கம் எங்கள் தொழிலிலும் இருந்தது.

சீட்டில் எழுதியது இரண்டு: ஈரப்பதம் தருகிற ஒரு கிரீம், அப்புறம் ஹைட்ரோகார்டிசோன் 1%, 15 கிராம் ட்யூப். ஸ்டீராய்டுகளிலேயே மிக மென்மையானது அது. இடத்துக்கும் வயதுக்கும் சரியான மருந்துதான். எழுந்து போகும்போது வழக்கம்போல ஒரு வாக்கியம் சொன்னேன்: "லேசா தடவுங்க, ரொம்பப் போட்டுராதீங்க."

அந்த 'லேசா' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மஞ்சப்பை

ஜனவரிக்கு வருகிறேன். நவம்பரில் பாப்பாவின் எடை 6.6 கிலோ, நீளம் 62.5 சென்டிமீட்டர். இப்போது 8.5 கிலோ, நீளம் 63. இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஏறிய குழந்தை அரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தது. இந்த வயதில் மூன்று சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாகிற குழந்தை உயரமும் கூடும். எடை ஏறி, உயரம் நின்றுபோனால் யோசிக்க வேண்டும். நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி. ரத்த அழுத்தம் அந்த வயதுக்கு அதிகம்.

டயப்பரை அவிழ்த்தேன். நவம்பரில் மழமழவென்று இருந்த இடம் இப்போது வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே நரம்பு நீலமாக ஓடுவது தெரிந்தது. மடிப்புகளில் காளான் தொற்றின் சிவந்த புள்ளிகள்.

"என்னென்ன போடுறீங்களோ எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் அப்பா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். மேசையில் கவிழ்த்தோம். பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்த பொடி டப்பா. டால்கம் பவுடர். குமுளியில் வாங்கிய நால்பாமராதி எண்ணெய், பாதி பாட்டில். வேப்பெண்ணெய். ஒரு சளி சிரப். வசம்பு கட்டிய கயிறு ஒன்று, எப்படியோ அதுவும் பைக்குள் வந்துவிட்டது. நான் எழுதிய ஹைட்ரோகார்டிசோன் ட்யூப். அதன் கூடவே வேறொரு கிரீமின் காலி ட்யூப்கள் ஐந்தும், பாதி தீர்ந்த ஒன்றும்.

முதலில் என் ட்யூபை எடுத்தேன். வாலில் ஒரு மடிப்புகூட இல்லை. கிளினிக்குக்குக் கீழே ஏலக்காய்க் கடை ஒன்று இருக்கிறது. கிராம் கணக்கில் நிறுக்கிற தராசு அங்கே உண்டு. அதே கம்பெனியின் புது ட்யூப் ஒன்றை வாங்கிவரச் சொல்லி இரண்டையும் நிறுத்தோம். வித்தியாசம் 3 கிராம். எட்டு வாரத்தில் 3 கிராம்!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 1991-ல் லாங், ஃபின்லே என்ற இரண்டு பேர் பூச்சு மருந்துக்கு ஓர் அளவு சொன்னார்கள். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு, ஏறக்குறைய அரை கிராம். பெரியவர் உள்ளங்கையை விரல்களோடு விரித்து வைத்தால், அப்படி இரண்டு கை பரப்புக்கு அது போதும். கைக்குழந்தைக்கு முகமும் கழுத்தும் சேர்த்து ஒன்று, ஒரு கை முழுக்க ஒன்று, ஒரு கால் முழுக்க ஒன்றரை. பாப்பாவுக்கு முகத்திலும் கைகால்களிலும் பாதி இடம்தான் கரப்பான் என்று வைத்தாலும் ஒரு வேளைக்கு மூன்று அளவு, அதாவது ஒன்றரை கிராம். இரண்டு வேளைக்கு 3 கிராம். அம்மா இரண்டு மாதத்தில் போட்டது ஒரு நாளைக்கான மருந்து.

"எம்மா, நீ எப்படிப் போடுவேன்னு எனக்குக் காட்டு" என்றேன். காய் பறித்துப் பறித்து நுனி கறுத்த விரல். அதில் கடுகளவு எடுத்து இரண்டு கன்னத்துக்கும் பங்கிட்டார். நான் என் விரலில் நுனியிலிருந்து ரேகை வரை பிதுக்கிக் காட்டினேன். "இம்புட்டா?" என்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான லேசான்னு சொன்னீக" என்றார் அப்பத்தா, என்னைப் பார்த்து. கோபமே இல்லாமல் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

இனி அந்த ஆறு ட்யூப்கள். தோட்டத்தில் மழையிலும் ஈரத் துணியிலும் நிற்கிற பெண்களுக்கு இடுப்பில் படர்தாமரை சாதாரணம். அதற்கென்று மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு, காளான் மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த கிரீம் ஒன்று கொடுப்பார்கள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். ஒரு மாதத்தில் படர்தாமரை முன்னிலும் அகலமாகத் திரும்பும். அது தனிக் கதை. அப்படி ஒரு ட்யூபை அம்மாவோடு காய் பறிக்கிறவர் கொடுத்திருக்கிறார். நவம்பர் கடைசியில் பாப்பாவுக்கு டயப்பர் புண் வந்திருக்கிறது. முகத்துக்கு டாக்டரம்மா கிரீம் என்று அம்மா வைத்துவிட்டதால், இடுப்புக்குக் கீழே அப்பத்தா இதைப் போட்டிருக்கிறார். குழந்தையின் உடம்பு பாகப்பிரிவினை ஆனது இப்படித்தான். மேலே அம்மாவின் மருந்து, கடுகளவு. கீழே அப்பத்தாவின் மருந்து, வெண்ணெய் போலக் குழைத்து, ஒவ்வொரு டயப்பர் மாற்றும்போதும். ரெண்டே நாளில் சிவப்பு போய்விட்டதாம். அப்புறம் தீரத் தீர வாங்கியிருக்கிறார்கள். கடையில் சீட்டு கேட்கவில்லை. சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து அது. 2018-ல் மத்திய அரசு மேலும் பல ஸ்டீராய்டு பூச்சுகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்த பிறகும் கடை வாசலில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

ட்யூபின் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்த பெயர் குளோபெட்டசால் 0.05%. பூச்சு ஸ்டீராய்டுகளில் உச்சத்தில் இருப்பது. ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வீரியம். அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே, நாளொன்றுக்கு 2 கிராம் போட்டாலே அட்ரினல் சுரப்பி மட்டுப்படலாம் என்று இருக்கிறது. 12 வயதுக்குக் கீழே வேண்டாம் என்றும் இருக்கிறது. பாப்பாவுக்குச் சுமார் 80 கிராம் போயிருந்தது, நாளுக்கு ஒன்றரை கிராம். ஏழெட்டுக் கிலோ உடம்பு. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதற்கு மேலே டயப்பர் வேறு, தைலம் தடவித் துணி கட்டியது போல மருந்தை உள்ளே அழுத்திவிடும்.

தோல் வழியாக வந்த ஸ்டீராய்டு ரத்தத்தில் ததும்பினால் கார்ட்டிசால் என்ற உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிற, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி, 'நமக்கு வேலை இல்லை' என்று படுத்துவிடும். கன்னம் உருள்வதும் முடி முளைப்பதும் வளர்ச்சி நிற்பதும் வெளியே தெரிகிற பாதி. தெரியாத பாதி ஆபத்தானது: மருந்தைச் சட்டென்று நிறுத்திய நிலையில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், தாக்குப்பிடிக்கத் தேவையான கார்ட்டிசால் உடம்பில் இருக்காது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து குழந்தை துவண்டுவிடும். காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் 0.8 என்று மதுரையிலிருந்து முடிவு வந்தது. ஏறக்குறைய இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் புரிந்தது. நவம்பரைவிடக் கன்னத்துக் கரப்பான் கொஞ்சம் அடங்கியிருந்தது. என் மருந்து வேலை செய்தது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். 3 கிராமில் என்ன வேலை செய்திருக்கும்? இடுப்பு வழியாகப் போய் ரத்தத்தில் ஓடிய குளோபெட்டசால்தான் முகத்தையும் அடக்கி வைத்திருந்தது. அதை நிறுத்தினால் கரப்பான் எழும்பி வரும்.

இரண்டு மொழி அட்டை

மதுரையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் போனிலேயே பேசி, அடுத்த வாரம் நேரிலும் அனுப்பினேன். குளோபெட்டசாலை அன்றே நிறுத்தினோம். அதற்கு ஈடாக, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை: 5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, மூன்று வேளை, பாலில் கரைத்து. மடிப்புக்குக் காளான் கிரீம் மட்டும். ஒன்பதாம் மாதம் போடுகிற எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசியைச் சிறிது தள்ளிவைத்தோம்.

காய்ச்சல் வந்தால் மாத்திரை மூன்று மடங்கு, வாந்தி எடுத்தால் உடனே ஊசி. இதை ஓர் அட்டையில் எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோது, என் நர்ஸ் குமுளிக்காரி, "மேடம், இவங்க மேலயும் போவாங்களே" என்றாள். சரிதான். அட்டையின் பின்பக்கம் அதையே மலையாளத்தில் அவளே எழுதினாள். குழந்தைக்கு அட்ரினல் குறைவு இருக்கிறது, வாந்தி அல்லது மயக்கம் இருந்தால் ஹைட்ரோகார்டிசோன் 25 மில்லிகிராம் ஊசி, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று. லேமினேட் செய்து அம்மாவிடம் கொடுத்தோம்.

நான் நினைத்தபடியே பத்தாம் நாள் கரப்பான் எழும்பியது. கன்னத்தில் நீர் வடிந்து தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியது, அதாவது ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியும் சேர்ந்துவிட்டது. அதற்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக். கரப்பானுக்கு நான் கையில் எடுத்தது மறுபடியும் அதே ஹைட்ரோகார்டிசோன் 1% ட்யூப்.

இந்தச் சிகிச்சையில் மிகக் கஷ்டமான மணி நேரம் அதுதான். ஸ்டீராய்டுதான் குழந்தையைக் கெடுத்தது என்று பத்து நாள் முன்பு சொன்ன அதே வாயால், இதோ ஸ்டீராய்டு, அதையும் கடுகளவு போடாமல் விரல் ரேகை வரை பிதுக்கி இரண்டு வேளை ஏழு நாள் போடுங்கள் என்கிறேன். அப்பத்தா எழுந்தே விட்டார். "வேணாம் தாயி, நாங்க அக்கி எழுதிக்கிறோம்" என்றார்.

டிசம்பரிலேயே ஒருமுறை எழுதியிருந்தார்களாம், வேளாரிடம் போய்க் காவி குழைத்து. காவி எழுதுவதால் பெரிய கெடுதல் இல்லை என்பதால் நான் அதோடு சண்டை போடுவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் எப்போதும் சொல்வேன். கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென்று ஒரே அளவில் கொப்புளங்கள் கொத்தாக வந்து, ஊசியால் குத்தி எடுத்தது போலக் குழிப் புண்ணாகி, காய்ச்சலும் இருந்தால், அது ஹெர்பிஸ் கிருமி கரப்பானில் பரவுகிற நிலை. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். காவி எல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பத்தாவை உட்கார வைத்தது என் பேச்சு இல்லை. மருமகள்தான். "அத்தே, குழம்புல போடுற உப்பும் உப்புதான், கருவாட்டுல கொட்டுற உப்பும் உப்புதான்" என்றார். எனக்கு இப்படி ஓர் உதாரணம் ஜென்மத்துக்கும் வந்திருக்காது. நான் அதன் மேலேயே கணக்கை ஏற்றினேன். இந்த ட்யூப் ஒரு வாரத்தில் ஒன்று காலியாகி இரண்டாவதும் பாதிக்கு வர வேண்டும், காலி ட்யூபைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஏழு நாளில் அடங்கியதும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பழைய இடங்களில். டயப்பருக்குள் எந்த ஸ்டீராய்டும் கூடாது.

ஏழாம் நாள் கன்னம் வழுவழுப்பாகியிருந்தது. மாநிறத்தில் அங்கங்கே வெளுத்த திட்டுகள். வெண்குஷ்டமோ என்று அப்பா தனியாக வந்து கேட்டார். கரப்பான் ஆறிய இடம் சில மாதம் வெளுத்திருப்பது வழக்கம், கிரீம் வெளுக்கச் செய்யவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

குளியல்

அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, காலில் பாப்பாவைப் போட்டு, ஆவி பறக்கிற வெந்நீரில் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுவார். காலையும் சாயங்காலமும். பிறகு பவுடர், பிறகு சாம்பிராணி, பிறகு மலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை, உடம்பில் ஒட்டி. அன்பில் ஒரு குறையும் இல்லை. கரப்பான் தோலுக்கு ஒவ்வொன்றும் பகை. கொரகொர மாவு உரசும், வெந்நீர் இருக்கிற எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும், புகையும் கம்பளியும் அரிப்பைக் கிளப்பும்.

குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நான் சொல்கிற வேறு எதையும் கேட்க மாட்டார். ஒரு வேளை மட்டும், முழங்கையால் தொட்டுப் பார்த்தால் சூடே தெரியாத நீர், ஐந்து பத்து நிமிடம், மாவு வேண்டாம். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மேலே பூச வேண்டியதைப் பூச வேண்டும். கம்பளிக்கு உள்ளே ஒரு பழைய பருத்திச் சட்டை.

எதைப் பூசுவது? பிரிட்டனின் வழிகாட்டுதல் குழந்தைகளுக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பதக் கிரீம் சொல்கிறது. நான் எழுதியிருந்த 100 கிராம் கிரீமை அந்தக் கணக்கில் வாங்கினால் அம்மாவின் வாரக் கூலியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நவம்பரில் இதையும் யோசிக்கவில்லை. வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி பெரிய டப்பாவாக வாங்கச் சொன்னேன். அப்பத்தாவுக்கு எண்ணெய் விட மனமில்லை. நால்பாமராதியில் மூலிகைப் பட்டைகளும் மஞ்சளும் இருப்பதால், எது ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று சொல்ல முடியாது, அதை நிறுத்தினோம். அதற்குப் பதில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய், கேரளத்தில் உருக்கு வெளிச்செண்ணெய் என்பார்கள், அதற்குச் சம்மதித்தேன். பிலிப்பைன்ஸில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், லேசானது முதல் மிதமானது வரை கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆலிவ் எண்ணெய் தோல் அரணைக் கெடுப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன, விலை கொடுத்து வாங்க வேண்டாம். சாம்பிராணி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. புகை ஒருபக்கம் இருக்க, பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய துணி தணலுக்குப் பக்கத்தில் போனால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பத்தியம்

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.6, ரத்தசோகை. கரப்பான் பண்டம் என்று முட்டை, மீன், கத்திரிக்காய், நிலக்கடலை எல்லாவற்றையும் விலக்கி, ரசஞ்சோறும் இட்லியுமாக மலையேறி இறங்கிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கும் ஏழு மாதமாகியும் அரிசிக் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கரப்பான் அதிகமாக உள்ள கைக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமையும் இருக்கும், முட்டையும் பசும்பாலும் முக்கியமாக. ஆனால் அது சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் என்று காட்டிக்கொடுக்கும். பாப்பாவுக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. தாய் பத்தியம் இருப்பதால் குழந்தையின் கரப்பான் குறைவதில்லை. விலக்கி வைப்பதே வினையாகலாம் என்பதும் இப்போது தெரிகிறது: கரப்பான் கடுமையாக இருந்த அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே நிலக்கடலையைக் கொடுத்துப் பழக்கியதில் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததை 2015-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. தோல் அடங்கியதும், நன்றாக வேகவைத்த முட்டையில் ஒரு துணுக்கை கிளினிக்கிலேயே கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்தோம். பாப்பா இன்னும் வேண்டும் என்று கை நீட்டினாள். அம்மா அன்று சாயங்காலமே மீன் வாங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சளி சிரப்பைக் குப்பையில் போட்டேன். தூக்கம் வருகிற அலர்ஜி சிரப்புகள் கரப்பான் அரிப்பை நிறுத்துவதில்லை; அதில் இருந்த புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாதது, மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி

கோயில் விசேஷத்துக்காக நான்கு நாள் மேலே அம்மாவின் அக்கா வீட்டில், தோட்டத்து லயத்தில் தங்கியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் ராத்திரி பாப்பாவுக்கு 102 டிகிரி காய்ச்சல். மாத்திரையை மூன்று மடங்காகக் கொடுத்திருக்கிறார்கள், வாந்தி. மறுபடி கொடுத்ததும் வாந்தி. குழந்தை துவண்டுகொண்டே போனது. தோட்டத்து ஜீப்பை எழுப்பி அங்கேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இருந்த டாக்டர் இளைஞர். அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பதற்றத்தில் பேச்சும் வரவில்லை. பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டு முதலில் ஊசியைப் போட்டு, பிறகு குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார். விடியும்போது பாப்பா பால் கேட்டாளாம்.

மறுநாள் அந்த டாக்டர் எனக்குப் போன் செய்தார். அட்டையில் என் நம்பர் இருந்தது. "மலையாளத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கு, திருத்திடுங்க" என்று சிரித்தார். நர்ஸிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தோம். மே மாத முதல் வாரத்தில் காலைக் கார்ட்டிசால் வயதுக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிட்டது. கன்னம் வற்றியது, உயரம் கூடியது. அக்கம்பக்கத்தில், "பிள்ளை ஏன் இப்படி இளைச்சுப்போச்சு" என்று கேட்டு அப்பத்தாவைப் படுத்தியிருக்கிறார்கள். 'முன்ன இருந்தது சதையில்ல, மருந்து' என்று அவரே பதில் சொல்வதாக அம்மா சொன்னார்.

கரப்பான் போய்விடவில்லை. பதினான்காம் மாதம் முழங்கை மடிப்பில் உட்கார்ந்தது, இப்போதும் குளிர்காலத்தில் எழும்பும். என்னிடம் மாறியது ஒன்றுதான். சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே எத்தனை விரல்நுனி, எந்த இடம், எத்தனை நாள், ட்யூப் என்றைக்குத் தீர வேண்டும் என்று எழுதுகிறேன். ஒரு சீட்டுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. வெளியே வரிசை முணுமுணுக்கிறது.

போன மாதம் அப்பத்தா மட்டும் வந்தார். மடியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசையில் வைத்தார். வாலிலிருந்து கழுத்து வரை ஈர்க்குச்சியைச் சுற்றுவது போல இறுக்கிச் சுருட்டியிருந்தது. "தராசுல வச்சுப் பாருங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, கீழே ஏலக்காய்க் கடைக்குத் தானே இறங்கிப் போய் நிறுத்துக்கொண்டு வந்தார்.